அக்காவின் காரும் சிரிப்பு வாயுவும்

நான் வேலை செய்யும் ரெஸ்ரோரண்டில் கேக்குக்கு மேலே கிறீம் அடிக்க ஒரு சாமான் இருக்கிறது. உருக்குப் போத்தல். அதன் தலையில் பெருவிரல் அளவு சிலிண்டர் ஒன்றை வைத்துத் திருகினால் 'ஸ்ஸ்ஸ்' என்று காஸ் உள்ளே போகும். ஒரு சிலிண்டரில் 8 கிராம். அது வேறொன்றுமில்லை, ஊரில் ஏ.எல். இரசாயனவியலில் படித்த நைதரசு ஒட்சைட்டுத்தான். சிரிப்பு வாயு என்று மாஸ்ரர் சொல்ல, வகுப்பே காஸ் இல்லாமல் சிரித்தது ஞாபகம்.

அக்காவின் மூத்தவன் இந்தச் சிலிண்டரின் கதையை எப்படியோ அறிந்து வைத்திருக்கிறான்.

"மாமா, கார்க்காரர் நொஸ் எண்டு சொல்லுறதும் உங்கட கிச்சின்ல இருக்கிறதும் ஒரே காஸ்தானே? நீங்கள் கொஞ்சம் கொண்டு வந்தா என்ன?"

அவனுக்கு 22 வயது. 2008ஆம் ஆண்டுச் சிவிக் எஸ்ஐ வைத்திருக்கிறான். 2 லீட்டர் இஞ்சின், 197 குதிரைவலு. அது போதாதாம், இன்னும் ஒரு 50 வேண்டுமாம். காருக்குப் பூட்டும் போத்தலில் 10 இறாத்தல் காஸ் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், எங்கள் கிச்சினில் இருந்து 567 சிலிண்டர் களவெடுக்க வேண்டும்! அதோடு காருக்கு விற்கும் காஸில் யாரும் மூக்கில் இழுக்கக் கூடாதென்று கொஞ்சம் கந்தகவீரொட்சைட்டுக் கலந்திருப்பார்கள். அங்கே உள்ளதைக் கேக்கில் அடிக்கவும் ஏலாது.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோசம்தான் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தபோது 2006 ஆகஸ்டில் பாதை பூட்டுப்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேறு கதை, படிப்பு அந்த இடத்தில் நின்றது. இங்கே வந்த பிறகு என்னிடம் எல்லாரும் மீன் எத்தனை கிலோ என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஒரு இரசாயனவியல் கேள்வி கேட்டு எத்தனை வருசம்!

ஆகவே இருத்தி வைத்துச் சொன்னேன். இந்த காஸ் எரிவதில்லை. அதற்குள் இரண்டு நைதரசன், ஒரு ஒட்சிசன். இஞ்சினுக்குள் 300 பாகை அளவில் அது உடைந்து ஒட்சிசனை விடும். காற்றில் நிறைப்படி 23 சதவீதம் ஒட்சிசன், இதில் 36. ஒட்சிசன் கூடினால் கூடப் பெற்றோலை எரிக்கலாம், வலு வருவது அந்தப் பெற்றோலில் இருந்து. போத்தலுக்குள் திரவமாக இருப்பது வெளியே வந்ததும் கொதித்து ஆவியாகும், அதனால் உள்ளே போகும் காற்றும் குளிர்ந்து அடர்த்தியாகும். இரண்டாம் உலகப்போரில் ஜேர்மன்காரன் இதைத்தான் உயரத்தில் காற்றுப் போதாமல் திணறும் விமானங்களுக்குக் கொடுத்தான். 2001இல் வந்த 'பாஸ்ற் அண்ட் பியூரியஸ்' படத்தில் பட்டனை அமத்தக் கார் பறந்தது. எங்கள் பெடியளுக்கு அந்தப் பட்டன் மட்டும் மனதில் நின்றுவிட்டது.

பிரச்சினை எங்கே என்றால், காஸ் வந்து பெற்றோல் வராவிட்டால். 'வெற்' என்று சொல்லும் கிற்றில் காஸோடு பெற்றோலும் சேர்ந்து போகும். 'ட்றை' என்பதில் காஸ் மட்டும், பெற்றோலை இஞ்சினின் சொந்த இன்ஜெக்ரர்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும். பெற்றோல் பம்ப் களைத்தாலோ ஒரு ஜெற் அடைத்தாலோ வெக்கை ஏறி, அலுமினியப் பிஸ்ரன் உருகும். எரிதல் வேகமாவதால் தீப்பொறி விழும் நேரத்தையும் 50 குதிரைக்கு 2 பாகை பிந்த வைக்க வேண்டும். குளிரான ஸ்பார்க் பிளக் போட வேண்டும். அக்சிலேற்றரை அடிவரை மிதிக்காமல், இஞ்சின் 3000 சுற்றுத் தாண்டாமல் காஸ் திறக்கவே கூடாது. இவற்றில் ஒன்றைத் தவறவிட்டால் இஞ்சின் 'நொக்' பண்ணத் தொடங்கும்.

இந்த நொக் சத்தம் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, பெற்றோல் கண்ணாலும் காணேலாது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பழைய ஏ40 கார் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் பிளாஸ்ரிக் போத்தலால் காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு இழுக்கும்போது இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல டொக்கு டொக்கு என்று கேட்கும். தீப்பொறியில் தொடங்கிய சுவாலை வந்து சேர முன்னம் மிச்ச எரிபொருள் தானாக வெடிக்கிற சத்தம் அது. ட்றைவர் அண்ணை உடனே காலை எடுத்துவிடுவார். அந்தக் காரை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகப் பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்தார்கள்.

"இதில நொக் சென்சர் இருக்கு மாமா, கொம்பியூற்றர் பாத்துக்கொள்ளும்" என்றான். இருக்கிறதுதான். ஆனால் அது கொம்பனி விற்ற 197 குதிரைக்காக எழுதிய கணக்கு. 7000 சுற்றில், பாட்டும் போட்டுக்கொண்டு, அந்த டொக்கு இவன் காதில் விழப் போவதுமில்லை.

இஞ்சின் போனால் காசோடு போகும். எனக்குப் பயம் வேறு. கார் அக்காவின் பெயரில். இன்சூரன்சும் அக்காவின் பெயரில், இவன் பெயரில் போட்டால் வீட்டு வாடகை அளவு வரும் என்று (எங்கள் ஆக்களில் பாதி வீடுகளில் இதுதானே நடப்பு). மாற்றிப் பூட்டியதைச் சொல்லாமல் விட்டு ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ் கையை விரிக்கலாம். ஒன்ராறியோவில் 2007இல் வந்த றேசிங் சட்டத்தில் இந்த காஸுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பூட்டிய போத்தலோடு றோட்டில் ஓடக்கூடாது. ஓடுபவர் மட்டுமல்ல, ஓட அனுமதித்தவரும் குற்றவாளி. 500 முதல் 2000 டொலர் தண்டம், ஆறு மாதம் வரை மறியலும் கிடைக்கலாம். றேஸ் ஓடிப் பிடிபட்டால் அது தனி. 2021இல் இறுக்கிய பிறகு அந்த இடத்திலேயே லைசென்ஸ் 30 நாளும் கார் 14 நாளும் போகும். ஹோட்டலில் கட்டில் விரித்து இரண்டு பிள்ளைகளை வளர்த்த மனுசி கோட்டில் போய் நிற்பதை நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.

பூட்டாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் களவாகப் பூட்டுவான், அது இன்னும் மோசம். கயூகாவில் கால் மைல் ட்றாக் இருக்கிறது, காசு கட்டி உன் காரையே ஓடலாம், பரிசோதித்துத்தான் விடுவார்கள், அங்கே போய் ஓடு என்றேன். போத்தலை வால்வு முன்பக்கம் பார்க்கவும் லேபல் மேலே பார்க்கவும் பூட்டு, அப்போதுதான் உள்ளேயுள்ள குழாய் திரவத்தை உறிஞ்சும். மேலதிக அமுக்கம் வெளியேறும் குழாய் காருக்கு வெளியே போகட்டும். முதலில் அம்மாவிடம் சொல்லு.

அதற்கு அவன் சட்டத்தை என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்தான். கழற்றிய போத்தல் என்றாலும் அந்தக் காருக்குள் வெறுமையாகத்தான் இருக்க வேண்டுமாம். நிரப்பிய போத்தலைக் கயூகாவுக்கு எப்படிக் கொண்டு போவது?

"உங்கட சியன்னாவில வையுங்கோவன் மாமா. நான் முன்னால போறன்."

போன கிழமை அக்கா போன் எடுத்தா.

"அவன் காருக்குள்ள காஸ் சிலிண்டர் பூட்டப் போறானாம். அதை உன்ர வானில ஏத்திக்கொண்டு போறியாம். நீயும் அவன்ர வயசே?"

"நான் சிலிண்டரை மட்டும்தான் கொண்டு போறன் அக்கா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எண்டைக்குப் போறியள்?" என்று கேட்டா.

திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லை, அண்டைக்குத்தான் என்றேன்.

"அப்ப நானும் வாறன்" என்றா.