கைப்பேசி விளையாட்டும் வயதின் வேறுபாடும்

சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் யாம் ஊருக்குச் சென்றிருந்தபோது எம் கையால் நேர்ந்த ஒரு பிழையே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. அப்பிழை இன்னதென்பதைப் பின்னர்க் கூறுவோம். அதற்குமுன், இளைப்பாறுதற்கென்று கைப்பேசியில் ஆடப்படும் எளிய விளையாட்டுக்கள் யாவை என்பதையும், ஒரே வீட்டினுள் வாழும் வெவ்வேறு வயதினர் அவற்றை என்ன வேண்டி நாடுகின்றனர் என்பதையும் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

துப்பாக்கியும் போர்க்களமுமாய் இரவெல்லாம் கூட்டங்கூடி ஆடும் பெருவிளையாட்டுக்களை யாம் ஈண்டுக் கருதவில்லை. பணம் வைத்து ஆடுவனவற்றையும் கருதவில்லை. அவற்றை 2025-ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் சட்டத்தினால் தடுத்தமை யாவரும் அறிந்ததே. ஒரு கையில் காப்பிக் கோப்பை இருக்க, மற்றொரு கையின் ஒற்றை விரலால் ஆடி, யாரேனும் அழைத்தால் அப்படியே வைத்துவிட்டு எழத்தக்கனவே யாம் கூறும் விளையாட்டுக்கள். இவை நேற்று முளைத்தவையல்ல. 1984-ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரத்து அறிவியற் கழகக் கணிப்பொறி நிலையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் என்பவர் ‘டெட்ரிஸ்’ என்னும் கட்டை அடுக்கும் ஆட்டத்தை இயற்றினார். 1997-ஆம் ஆண்டில் நோக்கியா கைப்பேசியினுள் ஒரு பாம்பு புகுந்தது; எம் தந்தையார் அக்காலத்து அதனை ஆடியதுண்டென்று எம் தாயார் கூறுவார், தந்தையார் மறுப்பார். பின்னர் 2012-ஆம் ஆண்டில் ‘கேண்டி கிரஷ் சாகா’ என்னும் மிட்டாய் ஆட்டம் வெளிவந்தது. இக்கட்டுரையில் எமக்கு வேண்டுவது இதுவே.

இதன் இயல்பை அறியாதார் சிலரும் இருத்தல் கூடுமாதலின் சுருங்கக் கூறுவோம். பல நிற மிட்டாய்கள் நிரம்பிய பலகையில் அடுத்தடுத்துள்ள இரண்டினை இடம் மாற்றி, ஒரே நிறத்தன மூன்று ஒரு வரிசையில் நிற்குமாறு செய்தால் அம்மூன்றும் வெடித்து மறையும். மேலுள்ளவை கீழே வழியும். குறித்த நகர்த்தல்களுக்குள் கேட்ட பணியை முடித்தால் அடுத்த நிலைக்குச் செல்லலாம். தவறினால் ஓர் உயிர் போம். ஆடுவோர்க்கு உள்ள உயிர்கள் ஐந்து. போன உயிர் ஒன்று திரும்ப அரைமணி நேரமாகும். ஐந்தும் போயின், அவை முற்றும் நிரம்ப இரண்டரை மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். காத்திருக்கப் பொறாதார் காசு கொடுத்துப் பெறலாம். செட்டியின் ஆதாயம் அவ்விடத்தில் இருக்கின்றது.

எம் வீட்டில் இவ்வாட்டத்தை அறிந்தவர் நால்வர். தந்தையார் ஆடுவதில்லை, ஆடுவோரைக் கடிந்துகொள்வதே அவர் இளைப்பாறும் வழி. ஐந்துயிர்ச் சட்டம் நால்வர்க்கும் பொதுவாயினும், அது நால்வர்க்கும் ஒரே பொருள்தருவதன்று என்பதை யாம் அவ்விடுமுறையில்தான் கண்டோம்.

ஒன்பது வயதினனாகிய எம் தமக்கை மகனுக்கு அச்சட்டம் கொடுங்கோன்மை. அவன் இளைப்பாறுதற்காக ஆடுவானல்லன். இளைப்பென்பதையே அறியாதானுக்கு அஃது எதற்கு? மிட்டாய் வெடித்தல் வேண்டும், ஓசை எழுதல் வேண்டும், அதனைப் பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்தலும் வேண்டும். “மாமா, இங்கே பாருங்கள், மாமா!” என்று அவன் அழையாத நாழிகை இல்லை. யாம் தலைநிமிராது ‘ஊம்’ கொட்டினால் கைப்பேசியை எம் புத்தகத்தின்மேல் வைத்துவிடுவான். உயிர் ஐந்தும் போனால் காத்திருக்கமாட்டான். எம் தாயாரின் கைப்பேசிக் கடிகாரத்தை மூன்று மணி நேரம் முன்னே தள்ளிவைத்தால் உயிர் வந்துவிடுமென்று பள்ளித் தோழன் ஒருவன் அவனுக்குக் கற்பித்திருந்தான். தள்ளியவன் திருப்பிவைக்க மறந்தான். கிறிஸ்து பிறப்பு நாளின் விடியற்கால ஆராதனைக்கென்று தாயார் நான்கு மணிக்கு வைத்திருந்த மணி, உண்மையில் ஒரு மணிக்கே அடித்தது. வீட்டார் அனைவரும் குளித்து, புத்தாடை உடுத்து, ஆலய வாயிலின் பூட்டைக் கண்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது.

இனி எம்மைப் பற்றிக் கூறுதல் சிறிது நாணத்திற்குரியது. தேர்வு நாட்களில் யாம் தேடுவது மகிழ்ச்சியன்று, எண்ணாதிருத்தலே. படுத்தபின் கண்ணெதிரே வந்து நிற்கும் வினாத்தாளை மறைக்கக் கட்டைகளோ மிட்டாய்களோ எவையேனும் வேண்டும். இதில் உண்மையும் ஓரளவு உண்டு. 2009-ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர் சிலர், துயரக் காட்சிகள் நிறைந்த திரைப்படத்தைக் கண்டவர் சிறிது நேரத்திற்குள் டெட்ரிஸ் ஆடினால், பின்வரும் நாட்களில் அக்காட்சிகள் தாமாக மனத்தில் எழுவது குறைகின்றதென்று கண்டு வெளியிட்டனர். உருவங்களைத் திருப்பிப் பொருத்தும் வேலையிலே மனக்கண் ஈடுபட்டிருக்குங்கால், பிற உருவங்கள் அங்கே வேரூன்ற இடம் குறைகின்றது போலும். எம்மைப் போன்ற மாணவர்க்கு ஐந்துயிர்ச் சட்டம் ஓர் அவமதிப்பு. பகலெல்லாம் மதிப்பெண் இட்டோர் போதாரென்று இரவிலும் ஒருவன் தோல்வி கூற வருகின்றானே என்று தோன்றும். ஆதலின் விடுதியில் எம்மனோர் பலர் 2014-ஆம் ஆண்டில் கேப்ரியேலே சிருல்லி என்னும் பத்தொன்பது வயது இத்தாலிய இளைஞர் இயற்றிய ‘2048’ என்னும் எண் ஆட்டத்திற்கு ஓடுகின்றனர். அதில் உயிருமில்லை, காத்திருத்தலுமில்லை. எவரும் எம்மை அளவாத இடம் வேண்டும் என்று அங்கே சென்ற யாமே, மறுநாட் காலை உணவுக்கூடத்தில் எம் எண்ணிக்கையைத் தோழர்க்குக் காட்டி, அவர் எண்ணிக்கையைக் கேட்டு மனம் புழுங்குகின்றோம். இம்முரண்பாட்டை எம்மால் விளக்கவியலவில்லை.

எம் தாயார் ஒரு தொடக்கப் பள்ளியின் ஆசிரியை. இரவு பத்தரை மணிக்கு ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்தபின், அடுக்களை விளக்கை அணைக்காது அங்கேயே முக்காலியில் அமர்ந்து ஆடுவார். கட்டிலுக்கு வந்து ஆடினால் யாரேனும் ஏதேனும் கேட்பர் என்பது அவர் கண்ட உண்மை. யாம் ஒரு முறை, உயிர்களைக் காசுக்கு வாங்கித் தருகின்றோம் என்றோம். “வேண்டாம் மக்களே, அஞ்சும் போச்சுதென்றால் தூங்கப் போகலாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அதைக் கெடுத்துப்போடாதே” என்றார். விடிந்தால் மாவு, பள்ளி, குறிப்பேடு, துணி, மாலையிலே மீண்டும் மாவு. இவற்றுள் எதுவும் ‘முடிந்தது’ என்று அவர்க்கு ஒரு நாளும் கூறுவதில்லை. இவ்வாட்டம் கூறுகின்றது. வண்ண எழுத்தில் ஆரவாரத்தோடு கூறுகின்றது. மகனுக்குத் தளையாயும் பேரனுக்குக் கொடுங்கோன்மையாயும் இருந்த சட்டம் அவர்க்கு உறக்கத்திற்குச் செல்லும் கதவாயிருந்தது.

2020-ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில் மட்டும் எம் வீட்டில் அனைவரும் ஒரே ஆட்டத்தை ஒரே வேட்கையோடு ஆடினோம். ‘லூடோ கிங்’ என்னும் தாய ஆட்டம் அது. நாடெங்கும் அக்காலத்துப் பரவியது. சென்னையிலிருந்த தமக்கையார் தம் வீட்டிலிருந்தவாறே காய் நகர்த்த, ஊரிலிருந்த யாம் வெட்டினோம். வென்றவர் யாரென்று எவரும் நினைவிற் கொள்ளவில்லை. கதவுகள் திறந்தன, அவ்வாட்டமும் நின்றது.

இனி எம் பாட்டியார். எழுபத்தெட்டு வயதினர். நாகர்கோவில் வட்டாரத்தில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மால்ட் அம்மையார் தொடங்கிய ரேந்தைத் தொழில், எம் பாட்டியாரின் இளமைக் காலத்தும் அவ்வூர்ப் பெண்கள் பலர்க்குக் கைத்தொழிலாயிருந்தது. அவரும் ரேந்தை பின்னியவரே. பின்னிய நீளத்தை அந்தியில் விரற்கடையால் அளந்து பார்த்தபின்னரே ஊசி நூல்களை மூடிவைப்பார் என்று தாயார் கூறக் கேட்டிருக்கின்றோம். கண் மங்கிய பின் அத்தொழில் நின்றது. ஆட்டமென்றால் அவர்க்குப் பல்லாங்குழிதான். ஏழும் ஏழுமாய்ப் பதினான்கு குழி, புளியங்கொட்டை, எதிரே நாத்தனார். நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று அள்ளுவதில் நாளும் ஒரு வழக்கு. அந்நாத்தனார் 2019-இல் இறந்தார். பலகை அலமாரியின் மேல் ஏறிற்று. மறு ஆண்டில் ஆலயங்கள் மூடப்பட்டபோது, ஆராதனை காண்பதற்கென்று வாங்கிக் கொடுத்த பழைய கைப்பேசியில் அவர் மிட்டாய் ஆட்டத்தைக் கண்டுகொண்டார். காலை ஜெபத்தின் பின் ஐந்து உயிர். நண்பகல் உண்டபின் ஐந்து. விளக்கேற்றும் வேளையில் ஐந்து. உயிர் போனால் வருந்தமாட்டார். கைப்பேசியைத் தலையணைக்கீழ்க் குப்புற வைத்துவிட்டு, “நிரம்பட்டும்” என்பார். அவர்க்கு நாளின் பொழுதுகளைப் பகுத்துக் காட்டும் மணிக்கூண்டாயிற்று அச்சட்டம்.

இதனை அறியாத யாம், பகுதிநேரப் பணியில் ஈட்டிய பணத்தைக் கொண்டு அவர்க்கு எழுத்துப் பெரிதாய்த் தெரியும் புதிய கைப்பேசி ஒன்று வாங்கிச் சென்றோம். பழையதைத் துடைத்துக் கடையிற் கொடுத்து விலையிற் கழித்துக்கொண்டோம். புதியதில் மிட்டாய் ஆட்டத்தையும் மறவாது ஏற்றியே கொடுத்தோம். அவர் பழைய ஆட்டம் எக்கணக்கோடும் இணைக்கப்படாமையால், ஏறியிருந்த நிலைகளெல்லாம் அக்கைப்பேசியில் மட்டுமே இருந்தன என்பதை யாம் நினைக்கவில்லை. அவர் 847-ஆம் நிலையில் இருந்தார். புதியது முதல் நிலையைக் காட்டிற்று.

“மக்களே, இது ஒன்றாம் நம்பரில் நிற்கிறதே” என்றார்.

“அதனால் என்ன பாட்டி? விளையாட்டுத்தானே. இளைப்பாறத்தானே ஆடுகிறீர்கள்?” என்றோம்.

“இளைப்பாறவா? நான் காலையிலிருந்து இளைப்பாறிக்கொண்டுதானே இருக்கிறேன்” என்றார். சினமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டார்.

அச்சொல்லின் பொருள் எமக்கு இரவில்தான் விளங்கிற்று. வேலையின் மிகுதியால் இளைத்த யாமும் தாயாரும் இவ்வாட்டத்தில் ஓய்வைத் தேடுகின்றோம். அவரிடம் ஓய்வே மிகுந்திருந்தது. அடுக்களையில் அவரை எவரும் எதற்கும் அழைப்பதில்லை. “நீங்கள் உட்காருங்கள்” என்னும் அன்புமொழியினாலேயே ஒவ்வொரு வேலையையும் அவர் கையினின்று வாங்கிவிட்டோம். எஞ்சியிருந்தது, நாளைக்கு எண்ணூற்று நாற்பத்தெட்டு என்னும் ஒரு காத்திருப்பு மட்டுமே. அந்தியில் விரற்கடையால் அளப்பதற்கு அவரிடமிருந்த ரேந்தை அஃது. அதனை யாம் பரிசென்னும் பெயரால் கொண்டுபோய்க் கடையில் விற்றோம்.

மறுநாள் அக்கடைக்கு ஓடினோம், கைப்பேசி கைமாறியிருந்தது. யாமே இரவு பகல் ஆடி 847 வரை ஏற்றித் தருகின்றோம் என்றோம். பாட்டியார் சிரித்து, “நீ நடந்தால் அது நான் நடந்ததாகுமா?” என்றார். வேறு வழியறியாது அலமாரியின் மேலிருந்த பல்லாங்குழிப் பலகையை இறக்கி, தூசு தட்டி, எதிரே அமர்ந்தோம். இரண்டு ஆட்டம் ஆடினார். இரண்டிலும் எம்மைத் துடைத்து எடுத்தார். மூன்றாவதற்குக் கொட்டைகளைப் பங்கிடும்போது எம் முகத்தைப் பார்த்து, “உனக்கு இது ருசிக்கவில்லை. எனக்காக உட்கார்ந்திருக்கிறாய். போ, போய்ப் படி” என்றார். யாம் மறுத்தோமெனினும் அவர் கூற்று உண்மையே. தமக்கை மகனோ அப்பலகையை விட்டு எழவில்லை. ‘பசு’ அள்ளும்போதெல்லாம் கூவினான், பாட்டியார் பார்க்கின்றாரா என்று பார்த்தான், அவரும் பார்த்தார். அவ்விருவரும் மாலை வரை ஆடினர். ஆயினும் அவன் விடுமுறை முடிந்தால் சென்னைக்குச் செல்வான்.

யாம் கல்லூரிக்குத் திரும்பும் நாளன்று, கட்டிலில் அவர் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு முதல் நிலைகளை ஆடிக்கொண்டிருந்தார். “முன்னே இந்த இடத்தில் ஒரு வாரம் கிடந்தேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு போகிறேன்” என்று தாயாரிடம் கூறுவது எம் காதில் விழுந்தது.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அவர் எம்மோடு கைப்பேசியிற் பேசுவது வழக்கம். முதலில் அன்றைய பிரசங்க வசனம். பின்னர் எம் உடல்நலம். அதன்பின் யாம் கேளாமலே ஓர் எண். சென்ற ஞாயிறு அவ்வெண் 163. முந்தின ஞாயிறும் அதுவே. ஒன்பது நாளாக அந்நிலை நகரவில்லையாம். அடுத்த விடுமுறைக்கு வருங்கால் எம் கை அதிற் படலாகாதென்று இப்பொழுதே சொல்லிவைத்திருக்கின்றார்.