என் கையால் செய்த தாள்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

2023ஆம் ஆண்டின் கோடை விடுமுறையை நான் என்றும் மறக்கமாட்டேன். டோக்கியோவில் பணிபுரியும் என் சித்தப்பாவின் வீட்டுக்குப் பெற்றோருடன் செல்லும் நல்வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வானளாவிய கட்டடங்களையும் அதிவேக ரயிலையும் பற்றி எழுதுவேன் என்று தோழியர் எதிர்பார்க்கலாம். ஆனால் நான் எழுத வந்தது ஒரு தாளைப் பற்றி. ஆம், ஒரே ஒரு வெள்ளைத் தாள்! அதை நானே என் கையால் செய்தேன். அதைச் சொல்லுமுன் என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டில் எனக்குச் சற்றுக் கர்வமும் உண்டு. அவ்வாண்டு பிப்ரவரி மாதத்தில் சில மாணவியர் என்னிடம் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து, "நீ எழுதினால் முத்து முத்தாக இருக்கும். இதை எழுதிக் கொடு" என்றனர். நான்கு வரிக் கேலி அது. திக்கித் திக்கிப் பேசும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பற்றியது. படித்தேன், சிரித்தேன், எழுதியும் கொடுத்தேன். மறுநாள் அது அவளுடைய புத்தகத்துக்குள் இருந்தது. அவள் யாரிடமும் முறையிடவில்லை. ஆனால் என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? மதிய உணவு வேளையில் என் பக்கத்தில் உட்காருவதை அன்றோடு நிறுத்திவிட்டாள். "எழுதித்தானே கொடுத்தேன், வார்த்தைகள் என்னுடையவை இல்லையே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தேர்வுகள் முடிந்தன, விடுமுறையும் வந்தது.

ஜப்பானியர் இயந்திரத்தில் வல்லவர்கள் என்று நாம் அறிவோம். அவர்கள் கைத்தொழிலைப் போற்றும் விதம் எனக்குப் புதிதாக இருந்தது. மரபான கைவினைத் தொழில்களைக் காக்க அங்கே 1974ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றியிருக்கிறார்கள். பயணிகளும் அத்தொழில்களைத் தொட்டுப் பார்த்துச் செய்து பழகப் பல ஊர்களில் பட்டறைகள் உள்ளன. கனசாவா நகரில் தங்க ரேக்கு ஒட்டலாம். தொக்குஷிமாவில் அவுரிச் சாயத்தில் துணியைத் தோய்க்கலாம். கியோத்தோவில் சக்கரத்தில் மண்ணேற்றிக் கிண்ணம் வனையலாம். எங்கள் சித்தி தேர்ந்தெடுத்தது காகிதம்.

டோக்கியோவின் இக்கெபுக்குரோ நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ரயிலில் சென்று ஓகவா என்னும் ஊரில் இறங்கினோம். அங்கிருந்து பேருந்தில் மலைகளுக்கிடையே ஹிகாஷிசிசிபு என்ற சிற்றூர். சைத்தாமா மாநிலத்தில் கிராமம் என்ற பெயரோடு இன்றும் இருப்பது அது ஒன்றுதானாம்! இந்த இரண்டு ஊர்களிலும் செய்யப்படும் ஹொசொகவா காகிதத்தின் செய்முறையை, வேறு இரண்டு ஊர்க் காகிதங்களோடு சேர்த்து, 2014இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. 'வாஷி' என்பது ஜப்பானியக் காகிதத்தின் பொதுப்பெயர். மீனோ முதலிய ஊர்களில் 702ஆம் ஆண்டில் செய்த தாள்களில் எழுதிய குடிக்கணக்குகள் நாரா நகரத்துக் கருவூலத்தில் இன்னும் இருக்கின்றன. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள்! என் கணக்கு நோட்டு ஓராண்டு தாங்குவதே அரிது.

அத்தனை உறுதி எங்கிருந்து வருகிறது? மல்பெரிக் குடும்பத்தைச் சேர்ந்த கோசோ என்னும் செடியின் பட்டையிலிருந்து வருகிறது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின் கிளைகளை வெட்டி, ஆவியில் வேகவைத்து, பட்டையை உரிக்கிறார்கள். கறுப்புத் தோலைச் சுரண்டியெடுத்து, உள்ளிருக்கும் வெள்ளைப் பட்டையைக் காரம் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். பிறகு தண்ணீரில் இட்டு, கண்ணுக்கு எளிதில் தெரியாத தூசு துரும்புகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். அப்புறம் அடித்து நாராக்கித் தொட்டி நீரில் கலக்கிறார்கள். அதனுடன் தொரொரோ அவோய் என்ற செடியின் வேரிலிருந்து எடுத்த வழுவழுப்பான சாற்றையும் சேர்க்கிறார்கள். இந்தச் செடி நம் வெண்டைக்கு நெருங்கிய உறவு! வெண்டைக்காயின் வழவழப்பை அம்மா சமையலறையில் குறைத்துக் கொள்வாள். அங்கேயோ அதுதான் தொழிலின் உயிர். அந்த வழவழப்பினால் நார்கள் அடியில் தங்காமல் நீரில் சீராக மிதக்கின்றன. ஈரத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் பிறகு தனித்தனியாக உரித்தெடுக்க முடிகிறது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மூதாட்டி. மரச்சட்டத்துக்குள் மெல்லிய மூங்கில் தட்டி. அதைத் தொட்டிக்குள் சாய்த்து நீரை அள்ளி, முன்னும் பின்னும் அலையவிட்டு, மிச்சத்தை வெளியே வீசிவிட வேண்டும். மறுபடி அள்ள வேண்டும். இப்படிப் பலமுறை செய்யும்போது நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அவர் செய்தபோது தொட்டில் ஆட்டுவதுபோல் இருந்தது. "இவ்வளவுதானா!" என்று சட்டத்தை வாங்கினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் நிலையும் அதுதான். ஒரு பக்கம் கனத்தது, மறு பக்கம் ஓட்டை விழுந்தது. அவசரமாக இழுத்ததில் நடுவே கிழிந்தும் போனது. வெட்கத்தால் முகம் சிவந்து நின்றேன்.

மூதாட்டி சிரித்தார். தட்டியைக் கவிழ்த்துத் தொட்டியில் தட்டினார். கிழிந்த தாள் கரைந்து மறுபடி நாராகிவிட்டது. அவர் ஏதோ சொல்ல, சித்தி மொழிபெயர்த்தார்: "ஈரம் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிட்டால் ஒன்றும் வீணாவதில்லை."

நான்காம் முறை ஒரு தாள் உருவாயிற்று. ஓரம் கோணல்தான், ஆனாலும் என் தாள்! அதை நீர் வடியவிட்டு, சூடான இரும்புத் தகட்டில் தூரிகையால் படியவைத்து உலர்த்தித் தந்தார்கள். முற்காலத்தில் பலகையில் ஒட்டி வெயிலில் காயவைப்பார்களாம். வெயில் பளிச்சென்று அடித்தால் அன்று ஆயிரம் பொற்காசு என்று அவ்வூரில் ஒரு வழக்கே உண்டு.

திரும்பும் ரயிலில் தாளை மடியில் வைத்துப் பெருமையோடு தடவிக்கொண்டிருந்தேன். அப்போது சித்தி சொன்ன செய்தி என்னை உலுக்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய இராணுவம் காகித பலூன்களில் வெடிகுண்டுகளைக் கட்டிப் பசிபிக் பெருங்கடலுக்கு அப்பால் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அதற்கான காகிதம் ஓகவாவிலும் தயாரானது. ஒவ்வொரு பலூனும் சுமார் 10 மீட்டர் குறுக்களவு. நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த கொன்னியாக்கு கிழங்கின் பசையால் தாள்களை அடுக்கடுக்காக ஒட்டியவர்கள் யார் தெரியுமா? பள்ளி மாணவியர்! நம் வயதுப் பெண்கள். என்ன செய்கிறோம் என்பது அவர்களில் பலருக்குச் சொல்லப்படவில்லை. 1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை 9,000க்கும் மேற்பட்ட பலூன்கள் பறக்கவிடப்பட்டன. 1945 மே 5ஆம் நாள், ஒரிகன் மாநிலத்தின் பிளை என்ற ஊருக்கு அருகே, ஞாயிறுப் பள்ளிச் சிறுவர் சிறுமியர் காட்டுக்கு உல்லாசப் பயணம் சென்றார்கள். அங்கே கிடந்த ஒரு பலூன் குண்டு வெடித்தது. கருவுற்றிருந்த ஒரு பெண்ணும் ஐந்து பிள்ளைகளும் மாண்டனர்.

பல ஆண்டுகள் கழித்து அதை அறிந்த அந்த மாணவியருள் சிலர் உள்ளம் துடித்தனர். 1987இல் ஆயிரம் காகிதக் கொக்குகளை மடித்து, வருத்தம் தெரிவிக்கும் கடிதங்களோடு அந்த ஊருக்கு அனுப்பி வைத்தனர். "நாங்கள் ஒட்டித்தானே கொடுத்தோம்" என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். அறியாமல் செய்தவர்கள், போர்க்காலத்தில் கட்டளைக்குப் பணிந்தவர்கள். ஆயினும் சொல்லவில்லை.

நானோ படித்துப் பார்த்து, சிரித்து, தெரிந்தே எழுதியவள். எனக்குக் கட்டளையிட்டவர் எவரும் இல்லை. ரயில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்கள் கடிதம் எழுத நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. எனக்கு மூன்றே மாதங்கள்தான் கடந்திருந்தன; ஈரம் இன்னும் காயவில்லை.

ஊர் திரும்பியதும் அந்தக் கோணல் தாளை எடுத்தேன். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று அப்பா ஆசையோடு சொல்லியிருந்தார். நான் அதில் என் கையெழுத்தில், என் சொந்த வார்த்தைகளில், ஒரு கடிதம் எழுதினேன். பள்ளி திறந்த முதல் நாள் அதைத் தோழியிடம் கொடுத்தேன். அவள் வாசித்தாள். ஒன்றும் பேசாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான்கு நாள்கள் சென்றன. ஐந்தாம் நாள் மதியம் தன் சாப்பாட்டு டப்பாவுடன் என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். "அது... என்ன... காகிதம்?" என்று மெல்லக் கேட்டாள். வெண்டைக்காயிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்புத் தோழியரே! கை பழகினால் எதையும் அழகாகச் செய்துவிடும். செய்வது இன்னதென்று கை ஒருபோதும் கேட்காது. அதை நாம்தான் கேட்க வேண்டும். கேட்க மறந்து தவறு செய்துவிட்டால், ஈரம் காயுமுன் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.