வெள்ளையனின் முன்னங்கால்

சென்ற மாதம் அம்மாவைத் திருப்பூரில் ஓர் எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தேன். வலது முழங்கால். எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் பிடித்துக் காட்டிய மருத்துவர், குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, மூட்டுக்குள் ஓர் ஊசி போட்டால் சிறிது காலம் வலியின்றி நடக்கலாம் என்றார். அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, அது பாலாட்டம் வெள்ளையா இருக்கற ஊசிங்களா?"

மருத்துவர் சிரித்தபடி ஆமாம் என்றார். அம்மா சிரிக்கவில்லை. பேருந்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சேவூரில் இறங்கும்போது மட்டும், "வெள்ளையனுக்குப் போட்டது கண்ணு" என்றாள்.

வெள்ளையன் எங்கள் குதிரை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் அப்பா வாங்கி வந்தது. சே என்றால் எருது. எங்கள் ஊர்ப் பெயரை அப்படிப் பிரித்துப் பொருள் சொல்வதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. எருதின் பெயர் கொண்ட ஊரில் குதிரை வைத்துப் பிழைக்க முயன்றவர் அப்பா. வண்டியில் ஆள் ஏறியதைவிடக் கடலைக்காய் மூட்டை ஏறியதுதான் அதிகம்.

1990இல் அதன் வலது முன்னங்காலில், குளம்புக்குச் சற்று மேலே உள்ள கணு வீங்கியது. தொட்டால் சுட்டது. நொண்டியது. கால்நடை வைத்தியம் அறிந்த ஒருவர் வந்து பால்போல் வெளுத்த மருந்தை அந்தக் கணுவுக்குள் ஏற்றினார். சில வாரங்கள் ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வெள்ளையன் நேராக நடந்தது. நான்காம் நாள் அப்பா வண்டி பூட்டினார். பத்து வயதுப் பையனான நான் அருகில் உட்கார்ந்து, இன்னும் வேகமாக விரட்டச் சொன்னேன். அதை மறைப்பதற்கில்லை.

பிறகு நொண்டும்போதெல்லாம் ஊசி. முதலில் அரையாண்டுக்கு ஒன்று, பின்னர் மூன்று மாதத்துக்கு ஒன்று. 1992இல் அந்தக் கணு விளாங்காய் அளவுக்குப் பருத்து இறுகிவிட்டிருந்தது. ஒரு காலையில் வெள்ளையனால் எழுந்து நிற்க முடியவில்லை.

அந்த மருந்து ஸ்டீராய்டு வகை என்று இப்போது ஊகிக்கிறேன். மூட்டின் அழற்சியை அது விரைவாக அடக்கும். ஆனால் அவ்வகையில் எல்லாம் ஒன்றல்ல. 1990களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் குதிரைகளிடம் நடந்த ஆய்வுகளில், மெதைல்பிரெட்னிசலோன் குருத்தெலும்புக்கே கேடு செய்வது தெரியவந்தது. டிரையாம்சினலோன் அவ்வாறு செய்யவில்லை. எந்த மூட்டு என்பதும் முக்கியம். பின்னங்கால் முட்டியின் கீழ்ப்பகுதியில் உள்ள சிறு மூட்டுகளுக்கு அசைவு குறைவு. நாளடைவில் அங்கே எலும்போடு எலும்பு ஒட்டி வலி நின்றுபோவதும் உண்டு; அத்தகைய குதிரை மேலும் பல ஆண்டுகள் உழைக்கும். முன்னங்கால் கணுவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களின்மேல்தான். ஒவ்வோர் அடியிலும் அந்தக் கணு வளைந்து நிமிர்ந்தாக வேண்டும். வலி இருந்தவரை வெள்ளையன் அந்தக் காலைக் காத்துக்கொண்டது. வலியை எடுத்துவிட்டு மூட்டைகளை ஏற்றினோம்.

வகுப்பில் திருவிளையாடற் புராணம் நடத்தும்போது நரி பரியான கதையைச் சொல்லிவிட்டு, பரி மீண்டும் நரியாகும் இரவை நான் சற்று விரைவாகவே கடந்துவிடுவேன். காரணம் மாணவர்களுக்குத் தெரியாது.

ஊசி மட்டுமல்ல. ஃபினைல்பியூட்டசோன் 1949இல் மனிதரின் மூட்டுவாதத்துக்கென வந்த மருந்து. எலும்பு மஜ்ஜையைக் கெடுத்ததால் பெரும்பாலான நாடுகளில் மனிதருக்குக் கைவிடப்பட்டு, குதிரைகளிடம் தங்கிவிட்டது. அளவு மீறினாலோ நெடுநாள் கொடுத்தாலோ குதிரையின் இரைப்பையும் பெருங்குடலும் புண்ணாகும், சிறுநீரகம் கெடும். 1968இல் கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரையின் சிறுநீரில் இம்மருந்து காணப்பட்டதால் அதன் வெற்றி பறிக்கப்பட்டது. அதற்கும் கணுக்காலில்தான் கோளாறு.

வெள்ளையனை ஊருக்கு வெளியே பள்ளத்தில் போட்டார்கள். மறுநாள் பாறுகள் வந்திறங்கின. சங்கப் பாடல்களில் போர்க்களத்தில் வரும் அதே பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் பழித்துக் கூப்பிடுவது. பின்னர் ஒருநாளும் எங்கள் ஊரில் அவற்றை நான் பார்த்ததில்லை. காரணம் மீண்டும் ஒரு வலி மருந்து. 1990களில் மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் தாராளமாகப் போடத் தொடங்கினார்கள். மருந்து உடலில் இருக்கும்போதே மாடு இறந்தால், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து உள்ளுறுப்புகளில் எல்லாம் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படியும். மாட்டின் மூட்டு வலிக்குத் தந்த மருந்து பறவைக்குக் கீல்வாதத்தின் உப்பைக் கொடுத்திருக்கிறது. வெண்முதுகுப் பாறுகள் இந்தியாவில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. 2006இல்தான் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடுக்கும் ஆணை வந்தது. இன்று தமிழ்நாட்டில் அவற்றைக் காண மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். எங்களுக்கு அது தொலைவில்லை. புளியம்பட்டி, பவானிசாகர் தாண்டினால் போதும்.

இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன், பாறு நீங்கலாக. 2017இல் வெளியான ஓர் ஆய்வையும் சொன்னேன்: முழங்கால் தேய்ந்த 140 பேர், அவர்களில் ஒரு பாதியினருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரையாம்சினலோன், மறு பாதியினருக்கு வெறும் உப்புநீர். ஈராண்டுக்குப்பின் வலியில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை. மருந்து பெற்றவர்களுக்குக் குருத்தெலும்பு சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தது.

அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "அவங்க ரெண்டு வருசம் போட்டுக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணு போதும் சாமி. பேத்தி கல்யாணத்துல நாற்காலியிலயே உக்காந்திருக்கச் சொல்றயா?"

அதற்கு என்னிடம் விடையில்லை. அண்ணன் மகளின் திருமணம் தை மாதம். ஊசி போட்டாயிற்று. இரண்டு வாரம் படியேறக் கூடாது, கீழே சம்மணமிட்டு உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொன்னதைத் தாளில் பெரிதாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன்.

நேற்று ஐந்தாம் நாள். கல்லூரியிலிருந்து திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. எங்கும் தயங்காத, நொண்டாத சத்தம். கடலைக்காய் காயப்போட்ட முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா இறங்கி வந்துகொண்டிருந்தாள்.