டுக் டுக் சத்தமும் அப்பாவின் வலது கையும்

உங்க ஹாஸ்டல்லயும் இந்தச் சண்டை கட்டாயம் நடந்திருக்கும். ராத்திரி பதினொரு மணி. மறுநாள் இன்டர்னல். ஒருத்தனும் படிக்கல. ஒருத்தன் போன்ல மீட்டியார் 350 ரிவ்யூ ஓடிட்டிருக்கும். இன்னொருத்தன் மெத்தையில படுத்துக்கிட்டே, "இதெல்லாம் ஒரு என்ஃபீல்டாடா? தையல் மிஷின் மாதிரி சத்தம் வருது"ன்னு ஆரம்பிப்பான். அவ்வளவுதான், ரெண்டு கட்சி பிரிஞ்சிடும். வார்டன் வந்து லைட்டை அணைக்கிற வரைக்கும் ஓயாது.

ரெண்டு வருஷமா நான் தையல் மிஷின் கட்சி. அந்தக் கட்சியோட கொள்கைபரப்புச் செயலாளர்னே வெச்சுக்கோங்க. அதனால எங்க வீட்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு ஊர் கருவேப்பிலங்குறிச்சி. பேரைச் சொன்னதும் சமையல் குறிப்பா ஊரான்னு கேக்குறவங்களுக்கு, விருத்தாசலம் பக்கம்னு சொல்லிடுவேன். "ஓ, பீங்கான் ஊரா"ன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. அப்பாவுக்கு விருத்தாசலத்துல ஒரு செராமிக் யூனிட்ல வேலை. கூழ் மாதிரி கரைச்ச களிமண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுல ஊத்துவாங்க. அச்சு தண்ணியை உறிஞ்சிக்கும், ஓரத்துல களிமண் தோல் மாதிரி படியும், மிச்சத்தைக் கவிழ்த்து ஊத்திடுவாங்க. பொம்மையோ ஜாடியோ அப்படித்தான் உருவாகுது. கேக்க சுலபமா இருக்கும். ஈரம் ஏறின அச்சை ஒருநாள் முழுக்கத் தூக்கிக் கவிழ்த்துப் பாத்தாத்தான் கஷ்டம் தெரியும். அப்பா அதை இருபது வருஷத்துக்கு மேல செஞ்சுட்டிருக்கார்.

அவர்கிட்ட ஒரு பழக்கம். சூளையில இருந்து வந்த எதையும் விரல் முட்டியால ஒரு தட்டு தட்டுவார். கணீர்னு சத்தம் வந்தா நல்ல பொருள். மொத்துன்னு வந்தா உள்ள எங்கயோ விரிசல், கண்ணுக்குத் தெரியாட்டியும் ஒதுக்கி வெச்சிடுவார். கடையில டீ கிளாஸைக்கூடத் தட்டிப் பாப்பார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

வேலைக்குப் போக வர அப்பாகிட்ட ஒரு தண்டர்பேர்டு 350 இருந்துச்சு. 2013 மாடல், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. அந்த வண்டியோட வம்சத்தைக் கொஞ்சம் சொல்லிடறேன். 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல புல்லட் தயாராச்சு. பிறந்த நாட்டுல கம்பெனியே மூடிட்டாங்க, நம்ம ஊர்ல மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. 1994-ல அது ஐஷர் குழுமத்தோட சேர்ந்துச்சு. காலை முன்னாடி நீட்டி உட்கார்ற குரூஸர் ரகத்துல 2002-ல வந்ததுதான் தண்டர்பேர்டு. 2012-ல அதுக்கு 20 லிட்டர் டேங்க், புரொஜெக்டர் ஹெட்லைட்டெல்லாம் வந்துச்சு. அப்பாவோடது அந்த வகை.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 விதி வந்தப்போ தண்டர்பேர்டு நின்னுபோச்சு. அதே வருஷம் நவம்பர்ல அதோட இடத்துக்கு மீட்டியார் 350 வந்துச்சு. பேர் மட்டும் மாறல. பழைய 346 சிசி இன்ஜினை அப்படியே ஓரங்கட்டிட்டு 349 சிசியில புதுசு. ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர்ல இருந்து 85.8 ஆச்சு. வால்வைத் தள்ளுற புஷ்ராடு போயி மேல கேம்ஷாஃப்ட் வந்துச்சு. உள்ள ஒரு பேலன்சர் ஷாஃப்ட். சேஸிஸும் புதுசு. கிக்கர் கிடையாது. டேங்க் 15 லிட்டர்.

எங்க கட்சியோட குற்றப்பத்திரிகை என்னன்னு உங்களுக்கே தெரியும். டுக் டுக் சத்தம் குறைஞ்சு போச்சு. கிக்கர் இல்லாத என்ஃபீல்டு என்ன என்ஃபீல்டு? 191 கிலோ வண்டிக்கு சுமார் 20 குதிரைசக்திதான், நாலுவழிச் சாலையில நூறைத் தாண்டினா மூச்சு வாங்கும். இதுல கடைசி பாயின்ட் மட்டும் நியாயம். ஆனா பழைய வண்டிக்கும் கிட்டத்தட்ட அதே சக்திதான்கிறதை நாங்க யாரும் பேசினதில்ல.

ரெண்டாவது வருஷம் பொங்கல் லீவு. சாப்பிட்டுக்கிட்டிருந்தப்போ அப்பா மெதுவா, "வண்டியைக் குடுத்துட்டு அந்தப் புது மாடல் ஒண்ணு, பழசாவே பாக்கலாமான்னு இருக்கேன்டா"ன்னார். நான் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வெச்சுட்டு ஒரு செமினாரே எடுத்தேன். தண்டர்பேர்டு ஒரு லெஜண்ட்பா, இனிமே கிடைக்காது, அந்தச் சத்தம் எதுக்கும் வராது, விக்காதப்பா. அப்பா முழுசாக் கேட்டார். வலது கையை இடது கையால தேய்ச்சுக்கிட்டே, "சரி, மெக்கானிக்கல் படிக்கிற, உனக்குத் தெரியாததா"ன்னு எழுந்துட்டார்.

கையைத் தேய்ச்சதை நான் பாத்தேன். பாத்தேன்னு இப்பத்தான் சொல்ல வருது.

அந்த வருஷம் டிசம்பர்ல அஞ்சாவது செமஸ்டர் முடிச்சுட்டு வீட்டுக்கு வந்தேன். வண்டி தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்துச்சு. மேல புழுதி, ஒரு கோழி வேற உட்கார்ந்திருந்துச்சு. அம்மாகிட்ட கேட்டேன்.

"ஆடி மாசத்துல இருந்து பஸ்லதான்டா போறார். காலைல ஆறே கால் பஸ்ஸு. ராத்திரி எட்டாவுது."

"ஏம்மா?"

"கை மரத்துப் போவுதாம். கொஞ்ச தூரம் போனாலே ஆக்ஸிலேட்டரைப் புடிச்சிருக்கமா இல்லையான்னே தெரியலங்கறார். டாக்டரு மணிக்கட்டுல நரம்பு அழுந்துதுன்னு சொன்னாரு. அச்சு தூக்கித் தூக்கி வந்ததாம். அதிர்ற எதையும் புடிக்காதீங்கன்னுட்டாரு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீதான் விக்க வேணாம்னியாமே."

வண்டியைக் குறை சொல்ல வரல மக்களே. கையைக் கெடுத்தது வண்டி இல்ல, இருபது வருஷ வேலை. ஆனா கெட்ட கைக்கு ஒத்துவராத வண்டியை அவர் மாத்த நினைச்சப்போ, குறுக்க நின்னது நான்.

இதுல பெரிய காமெடி என்னன்னா, போன வாரம்தான் டைனமிக்ஸ் ஆஃப் மெஷின்ஸ் பரீட்சையில பேலன்சிங் பத்தி 13 மார்க் கேள்வி எழுதிட்டு வந்திருந்தேன். ஒத்தை சிலிண்டர் இன்ஜின்ல பிஸ்டன் மேல போகும், நிக்கும், கீழ திரும்பும். அந்த எடையை ஒவ்வொரு தடவையும் திருப்புறப்போ வர்ற உதைதான் சேஸிஸ் வழியா கைப்பிடி வரைக்கும் வருது. கிராங்க்ல எதிர் எடை வெச்சா மேல கீழ ஆட்டம் குறையும், ஆனா அதே எடை முன்ன பின்ன ஆட்டத்தைக் கிளப்பிவிடும். அதனால ஓரளவுக்குத்தான் வைப்பாங்க, மிச்சம் அப்படியே இருக்கும். அந்த உதையும் ஒமேகா ஸ்கொயர் கணக்கு. ஆர்பிஎம் ரெண்டு மடங்கானா உதை நாலு மடங்கு. கிராங்க் சுத்துற அதே வேகத்துல, எதிர்த் திசையில ஒரு பேலன்சர் ஷாஃப்டைச் சுத்த விட்டா, மிச்சத்துல பெரும்பகுதி அடிபட்டுப் போயிடும். இதெல்லாம் படம் போட்டு எழுதினேன். எங்க வீட்டுத் தார்ப்பாய்க்கு அடியில இருக்கிறதும் இதே கணக்குதான்னு ஒரு தடவைகூடத் தோணல.

மறுநாள் நானே கருத்துக் கணிப்புக்குக் கிளம்பினேன். ஹாஸ்டல்ல இல்ல, வண்டி ஓட்டுறவங்ககிட்ட.

முதல் ஆள் எங்க தெருவுல முந்திரிக்கொட்டை வியாபாரம் பண்ற அண்ணன். தண்டர்பேர்டைக் குடுத்துட்டு மீட்டியார் வாங்கினவர். பண்ருட்டி, நெய்வேலின்னு அலையறவர். "பழைய வண்டியில போயிட்டு வந்தா, படுத்தாலும் உடம்பு ஓடிக்கிட்டே இருக்கும் தம்பி. இதுல அது இல்ல. டேங்க்தான் சின்னதாக்கிட்டானுங்க, அடிக்கடி பங்க்குல நிக்கிறேன்"னார். ரெண்டே வரி. அரைமணி நேர யூடியூப் ரிவ்யூவுல எனக்குக் கிடைக்காத விஷயம்.

அடுத்து, விருத்தாசலத்துல அப்பா வழக்கமா வண்டி விடுற மெக்கானிக் அண்ணன். அவருக்குப் புது வண்டி பிடிக்கல. காரணம் நான் நினைச்சது இல்ல. "முன்னல்லாம் தெருமுனையில வர்றப்பவே சத்தத்தை வெச்சுச் சொல்லிடுவேன், செயின் லூசா, கிளட்ச் போயிடுச்சான்னு. இப்ப ஸ்கேனரை மாட்டினாத்தான் பேசுது. என் காது கத்துக்கிட்டது முப்பது வருஷப் பாடம். அதுக்கு இனிமே வேலை இல்ல"ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குச் சிரிக்கத் தோணல. சத்தம் போயிடுச்சுன்னு நாங்க புலம்பினது பந்தாவுக்கு. அவர் சொன்னது பொழப்பு.

ஞாயித்துக்கிழமை அண்ணனோட மீட்டியாரைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். அப்பாவை ஓட்டச் சொன்னேன். "வேணான்டா, கீழ கீழ போட்டுட்டா அடுத்தவன் வண்டி"ன்னு தயங்கினார். அப்புறம் அம்மாவையும் ஏத்திக்கிட்டு விருத்தாசலம் ரோட்டுல கிளம்பினார். நான் திண்ணையில உட்கார்ந்திருந்தேன். சொல்ல வெக்கமா இருக்கு, எந்த ரிசல்ட்டுக்கும் அப்படிக் காத்திருந்ததில்ல.

முக்கால் மணி நேரம் கழிச்சு வந்தாங்க. அப்பா ஸ்டாண்டு போட்டுட்டு விரலை மடக்கி விரிச்சுப் பாத்தார். "லேசா இருக்கு. ஆனா புடிச்சிருக்கிறது தெரியுது"ன்னார்.

அம்மாவோட கருத்து வேற. "இதுல பேசினா அவருக்குக் காதுல விழுதுடா. அதுல போறப்போ நான் பேச்சையே விட்டுட்டேன். கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்."

பின் சீட்டுல உட்கார்றவங்களும் வண்டியோட உபயோகிப்பாளர்தான்னு எந்த ரிவ்யூக்காரன் சொல்லியிருக்கான், சொல்லுங்க?

நான் விடல. "ஆனா சத்தம், அப்பா? அது உனக்கும் பிடிக்குமே?"ன்னு கேட்டேன். அப்பா மீட்டியார் டேங்கை முட்டியால ஒரு தட்டு தட்டினார்.

"பிடிக்கும்தான். ஆனா தம்பி, நாங்க சத்தத்தை வெச்சுப் பொருள் எப்படின்னு பாப்போம். சத்தத்துக்காக எவனும் ஜாடி வாங்க மாட்டான்."

அதுக்கு மேல பேச எனக்கு எதுவும் இல்ல.

மாசி மாசம் தண்டர்பேர்டை வித்தோம். அந்தப் பணத்தோட அம்மாவோட சீட்டுப் பணத்தையும் போட்டு, ரெண்டு வருஷம் ஓடின ஒரு மீட்டியார் வாங்கினோம். பழைய வண்டியை வாங்க வந்தவர் பெண்ணாடத்துப் பக்கத்துப் பையன், நம்ம வயசுதான் இருக்கும். அப்பா அவர்கிட்ட பேட்டரி புதுசு, பின் டயர் ஆறு மாசம்தான் வரும்னு ஒண்ணு விடாமச் சொன்னார். அந்தப் பையன் எதையும் கேக்கல. ஸ்டார்ட் பண்ணிட்டுக் கண்ணை மூடிக்கிட்டு நின்னான். முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். "சத்தம் செமண்ணா"ன்னான் என்னைப் பாத்து. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்த என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. அவன் சந்தோஷத்தைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். அவன் கை நல்லா இருக்கு. அவனுக்கு அந்த வண்டி சரிதான்.

உண்மையை மறைக்காமச் சொல்றேன், அவன் கிளம்புறதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்தை நாப்பது செகண்டு போன்ல பதிவு பண்ணி வெச்சுக்கிட்டேன். இன்னும் அப்பப்போ கேப்பேன். பிடிச்சது பிடிச்சதுதான்.

அப்பா இப்ப ஆறே கால் பஸ்ஸைப் பிடிக்கிறதில்ல. ஏழரைக்குக் கிளம்பினாப் போதும். மணிக்கட்டு முழுசாச் சரியாகல, நடுவுல ஒரு தடவை நிறுத்திக் கையை உதறிட்டுத்தான் போறார். புது வண்டி மருந்தெல்லாம் கிடையாது. தினமும் ரெண்டு மணி நேரம் மிச்சம், அவ்வளவுதான். அதுல ஒரு மணி நேரம் தூங்குறார்னு அம்மா சொல்றாங்க.

ஹாஸ்டல்ல சண்டை இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. போன வாரம்கூட என்னை இழுத்து, "நீ சொல்றா, எது கெத்து?"ன்னு கேட்டாங்க. "உங்க வீட்ல வண்டியை யார்றா ஓட்டுறது?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் எவனும் பேசல. அப்புறம் ஒருத்தன் எழுந்து வெளிய போயி வீட்டுக்குப் போன் போட்டான்.

லீவுல ஊருக்குப் போறப்போ நீங்களும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.