புஜ்ஜிக்குக் குரல் கொடுத்தவர் யார்?

காளஹஸ்தியின் தமிழ் வீடுகளில் 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த குழந்தைகளிற் பலருக்குத் தமிழ் ஒரு பாடமாக வாய்த்ததில்லை. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும், தெருவில் தெலுங்கு, அடுப்படியிலும் பூசையறையிலும் மட்டும் தமிழ். அப்படி வளர்ந்த ஒருவரிடம், 'இவ்வளவு தெளிவாகத் தமிழ் பேச யாரிடம் கற்றீர்கள்?' என்று கேட்டால், சற்றுத் தயங்கிச் சிரித்துவிட்டு, 'சுட்டி டி.வி.யிடம்' என்று விடை சொல்லக்கூடும். கேட்பவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொள்வார். மொழியியல் படித்தவர் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஊரின் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். திருக்காளத்தி என்று தேவாரம் பாடிய தலம் இது. வட ஆர்க்காட்டோடு இருந்த இப்பகுதி, 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்துக்குப் போனது. 1960இன் எல்லைத் திருத்தத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது, காளஹஸ்தி திரும்பவில்லை. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் தனியே பிரிந்தபோது ஊரின் முகவரி மீண்டும் ஒரு முறை மாறிற்று. இத்தனை மாற்றங்களிலும் வீட்டுக்குள் தமிழ் பேசுவோர் பேசிக்கொண்டுதான் இருந்தனர். ஆனால் அத்தமிழ் எந்தச் சொற்களை வைத்துக்கொண்டது, எவற்றை விட்டுவிட்டது என்பதே கேள்வி.

எல்லையோர வீட்டுத் தமிழில் பருப்பு 'பப்பு' ஆகும். பொரியல் 'கூர' ஆகும். இதைக் குறையாகக் கருத இடமில்லை. இரு மொழிகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தால் நிகழ்வது இதுவே. உண்மையான இழப்பு வேறோர் இடத்தில் இருந்தது. உறவு, உணவு, நோய், சண்டை, சாமி ஆகியவற்றுக்கு வீட்டில் தமிழ்ச் சொல் இருந்தது. தீவு, எரிமலை, பாலம், புதையல், எச்சரிக்கை, கண்டுபிடிப்பு ஆகியவற்றைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவற்றைப் பள்ளி தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ தந்துவிடும். ஒரு மொழி சாகும்போது முதலில் போவது அதன் சொற்கள் அல்ல. அது பேசப்படும் களங்கள். வீட்டு வாசலைத் தாண்டாத மொழி, இரண்டு தலைமுறைகளில் பாட்டியின் மொழியாகிவிடும்.

இந்த இடத்திற்குள்தான் கார்ட்டூன் வந்தது. இந்தியாவில் கார்ட்டூன் நெட்வொர்க் 1995இல் ஆங்கிலத்தில் தொடங்கி, பின்னர் இந்தி, தமிழ், தெலுங்கு என ஒலித்தடங்களைச் சேர்த்துக்கொண்டது. 2007 ஏப்ரலில் சன் குழுமம் சுட்டி டி.வி.யைத் தொடங்கியது. தமிழில் முழுநேரமும் குழந்தைகளுக்காகவே பேசிய அலைவரிசை அது. தெலுங்கில் அதன் உடன்பிறப்பான குஷி டி.வி. 2009இல் வந்தது. இடைப்பட்ட அந்த ஈராண்டுக் காலத்தில், எல்லையோர ஊர்களில் தமிழ் அலைவரிசைகளும் வந்து சேர்ந்த வீடுகளில், இரு மொழிக் குழந்தைகள் தமிழ்க் கார்ட்டூன்களைப் பார்த்தனர். தெலுங்கு வந்த பிறகும் பழகிய குரலை விட்டு எல்லோரும் போய்விடவில்லை. குழந்தைக்குக் கதாபாத்திரம் என்பது முகமும் குரலும் சேர்ந்த ஒன்று. குரல் மாறினால் அது வேறு ஆள்.

'டோராவின் பயணங்கள்' நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் 2000இல் தொடங்கிய அத்தொடரில் டோரா ஆங்கிலம் பேசி, இடையிடையே ஸ்பானிஷ் கற்றுத்தருவாள். தமிழுக்கு வந்தபோது ஆங்கிலத்தின் இடத்தில் தமிழ் அமர்ந்தது. ஸ்பானிஷின் இடத்தில் ஆங்கிலம் அமர்ந்தது. அதாவது, பார்க்கும் குழந்தைக்குத் தமிழ் தெரியும், ஆங்கிலமே கற்க வேண்டியது என்பது அந்த மொழிமாற்றத்தின் கணிப்பு. சென்னைக்கும் மதுரைக்கும் அது பொருந்தும். காளஹஸ்திக் குழந்தைக்கோ கணிப்பு தலைகீழாயிற்று. ஆங்கிலச் சொல்லைப் பள்ளியில் ஏற்கெனவே கேட்டிருக்கும். 'பாலம்', 'வழி', 'வரைபடம்' என்பனவே அதற்குப் புதுப் பாடம். டோரா கேள்வி கேட்டுவிட்டுச் சில நொடிகள் காத்திருப்பாள். அந்த இடைவெளியில் உரக்க விடை சொல்லும் குழந்தை, தெலுங்கில் இல்லாத ழகரத்தையும் சேர்த்தே சொல்லிப் பழகியது. யாரும் திட்டமிடாத தமிழ் வகுப்பு அது.

அதே தொடரில் இன்னொரு விந்தை உண்டு. டோராவின் குரங்கு நண்பனுக்கு மூலத்தில் பூட்ஸ் என்று பெயர், தமிழில் புஜ்ஜி. 'புஜ்ஜி' தெலுங்கு வீடுகளில் குழந்தையையும் கன்றுக்குட்டியையும் கொஞ்சும் சொல். தமிழகத்தின் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வெறும் பெயர். எல்லையோரக் குழந்தைக்கு அது தன் வீட்டுச் சொல். தமிழ் பேசும் ஒருத்திக்குத் தெலுங்குப் பெயருடைய தோழன் என்பதில், அந்தக் குழந்தையின் வாழ்க்கையே திரையில் இருந்தது.

இனி, அந்தத் தமிழ் எத்தகைய தமிழ் என்பதைப் பார்க்க வேண்டும். எழுத்துத் தமிழுக்கும் வட்டார வழக்குகளுக்கும் நடுவே, எல்லாரும் புரிந்துகொள்ளும் ஒரு பொதுப் பேச்சுத் தமிழ் திரைப்படம், வானொலி ஆகியவற்றின் வழியே உருவாகிவருகிறது என்று ஹெரால்ட் ஷிஃப்மன் 1990களில் வாதிட்டார். கார்ட்டூன் குரல்கள் அந்தப் பொதுத் தமிழின் துல்லியமான மாதிரிகள். எந்த மாவட்டத்தின் சாயலும் மேலோங்காமல், குழந்தைக்கு ஒலி தெளிவாக விழும்படி, அதே சமயம் பாடநூல் வாடை வராமல் பேச வேண்டும். இதற்காக வசனம் எழுதுபவர் எடுக்கும் முடிவுகள் நுட்பமானவை. ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்ற ஒரே சொல். தமிழில் அவர் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழில் 'நீ'யா 'நீங்க'வா என்பதில் இரு பாத்திரங்களின் உறவு முழுவதும் அடங்கும். திரையில் உதடுகள் ஒட்டும் நொடியில் பகரமோ மகரமோ வந்து விழ வேண்டும். வினைமுற்றை இறுதியில் வைக்கும் தமிழ் வாக்கியம், வினையை நடுவில் முடித்துவிடும் ஆங்கில வாயசைவுக்குள் பொருந்த வேண்டும். இவற்றையெல்லாம் ஒருசேரத் தீர்ப்பதை மொழிபெயர்ப்பு என்று மட்டும் சொன்னால் போதாது.

தொலைக்காட்சிக் கார்ட்டூனில் குரலுக்கு இவ்வளவு இடம் கிடைத்ததற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. திரையரங்குக்காக 'டாம் அண்டு ஜெர்ரி' எடுத்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1957இல் சொந்த நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்கு வந்தனர். கிடைத்த பணத்தில் அவ்வளவு படங்கள் வரைய இயலாது. உடலை அசையாமல் நிறுத்தி, வாயையும் கண்ணையும் மட்டும் மாற்றி வரைந்தனர். அசைவு குறைந்த இடத்தைப் பேச்சு நிரப்பியது. பூனையும் எலியும் பேசாமலே உலகைச் சுற்றிய காலம் போய், கரடியும் நாயும் ஓயாமல் பேசும் காலம் வந்தது. இதை 'படம் வரைந்த வானொலி' என்ற பொருள்படக் கேலி செய்தார் சக் ஜோன்ஸ். தமிழருக்கு அது கேலியாகப் படாது. திரைப்படத்தின் ஒலியை மட்டும் வானொலியில் 'ஒலிச்சித்திரம்' என்று கேட்டு, முகங்களை மனத்தில் வரைந்துகொண்ட சமூகம் இது.

அதற்கும் முந்தைய மரபொன்று உண்டு. ஆந்திரத்தின் தோலு பொம்மலாட்டத்திலும் தமிழகத்தின் தோல்பாவைக்கூத்திலும் திரைக்குப் பின்னிருப்பவர் இராமனாகவும் இராவணனாகவும் சூர்ப்பணகையாகவும் மாறி மாறிப் பேசுவார். ஜுட்டுபோலிகாடும் பங்காரக்காவும் அங்கே சிரிக்க வைத்தால், உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இங்கே சிரிக்க வைப்பர். தமிழ்ப் பாவைக்கூத்துக் கலைஞர்களில் பெரும்பான்மையோரின் வீட்டுமொழி மராத்தி என்பது மொழியியலாளர் மறக்கக்கூடாத செய்தி. வீட்டில் ஒரு மொழி, திரைக்குப் பின்னே பத்துப் பேரின் தமிழ். குரல் நடிப்பு என்பது எப்போதுமே எல்லை தாண்டியவர்களின் கலையாக இருந்துவருகிறது.

காளஹஸ்தியோடு தொடர்புடைய மிகப் பெரிய குரலும் அத்தகையதே. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் தம் பள்ளிப்படிப்பின் ஒரு பகுதியை இவ்வூரில் முடித்தவர். பாடகராக அவரை அறியாதவர் இல்லை. கமல்ஹாசனின் படங்கள் தெலுங்குக்குப் போனபோது கமலுக்குக் குரல் கொடுத்தவரும், 'அன்னமய்யா'வில் சுமன் ஏற்ற வேங்கடேசுவரருக்குப் பேசியவரும் அவரே. பாட்டுக்கு ஆறு தேசிய விருதுகள் பெற்றார். பேச்சுக்கு அவருக்குக் கிடைத்தது ஆந்திர அரசின் நந்தி விருது. தேசிய விருதுப் பட்டியலில் பின்னணிப் பாடகருக்கு இடம் உண்டு. பின்னணிக் குரலுக்கு இல்லை. ஒரே தொண்டை, இரண்டு தொழில்கள். ஒன்றை நாடு கேட்டது, மற்றொன்றைக் கேட்டும் கேளாமல் விட்டது.

அவ்வளவு பெரிய கலைஞருக்கே நிலை இது என்றால், கார்ட்டூனுக்குப் பேசியோரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 'பக்ஸ் பன்னி'க்கும் 'டாஃபி டக்'குக்கும் குரல் கொடுத்த மெல் பிளாங்க் 1940களில் சம்பள உயர்வு கேட்டார், கிடைக்கவில்லை. அதற்கு ஈடாகத் திரையில் பெயர் போடும்படி கேட்டுப் பெற்றார். அந்தப் பெயர்தான் அவரை உலகறியச் செய்தது. ஆனால் அதே படங்களில் எல்மர் ஃபட்டுக்குப் பேசிய ஆர்தர் கியூ. பிரையனின் பெயர் வரவில்லை. பெயர் என்பது தகுதிக்குத் தானாக வந்து சேர்வதில்லை. கேட்டு வாங்குவோர்க்கே வந்திருக்கிறது.

தமிழில் நிலைமை இன்னும் மோசம். நிகழ்ச்சி முடிந்ததும் மூலத் தொடரின் பெயர்ப் பட்டியல் ஓடும், அல்லது அதுவும் ஓடுமுன் விளம்பரம் வந்துவிடும். தமிழில் பேசியோர், வசனம் எழுதியோர், ஒலிப்பதிவு செய்தோர் பெயர்கள் பெரும்பாலும் வந்ததில்லை. 2024இல் வந்த 'கல்கி 2898 ஏடி'யில் புஜ்ஜி என்ற வாகனத்துக்குக் கீர்த்தி சுரேஷ் குரல் கொடுத்தார் என்பது படம் வருமுன்பே ஊரறிந்த செய்தி. 2019இன் 'தி லயன் கிங்' தமிழ்ப் பதிப்புக்குச் சித்தார்த்தும் அரவிந்த்சாமியும் பேசியது விளம்பரமாகவே வந்தது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் வீட்டுக்கு வந்த இன்னொரு புஜ்ஜியின் குரலுக்கு உரியவரைத் தெருவில் கண்டால் அடையாளம் சொல்ல ஆளில்லை.

இது நன்றிக்கடன் பற்றிய கவலை மட்டுமன்று. குரலைப் பொறியில் பிரதி எடுக்கும் காலம் வந்துவிட்டது. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை 2024இல் 'லால் சலாம்' பாடலுக்காக ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீட்டபோது, குடும்பத்தாரின் இசைவைப் பெற்றதாகத் தெரிவித்தார். அதே ஆண்டில், எஸ்.பி.பி.யின் குரலை அனுமதியின்றிச் செயற்கையாக உருவாக்கியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் குடும்பத்தினர் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினர். இசைவு கேட்கவும் எதிர்த்து நிற்கவும் முதலில் 'இது இன்னாருடைய குரல்' என்று நிறுவ வேண்டும். பெயரே பதிவாகாதவரின் குரலை யார் எடுத்தாலும், இழந்தவர் யார் என்று சொல்ல வழியில்லை. பெயர்ப் பட்டியலை வெட்டிய அந்தச் சில நொடிகளின் விலை இப்போதுதான் தெரிகிறது.

ஆய்வுலகம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் தமிழுக்குத் துறை வைத்திருக்கின்றன. இருமொழிக் குழந்தைகள் ஊடகத்தின் வழியே பெற்ற தமிழ் அவற்றின் வாசலிலேயே கிடக்கும் ஆய்வுப் பொருள். சங்க இலக்கியத்தில் உரிப்பொருள் தேடும் நூறு ஆய்வேடுகளுக்கு நடுவே, கார்ட்டூன் மொழிமாற்ற வசனங்களின் சொல்வளத்தைத் தொகுக்கும் ஒன்றுக்கு இடம் இருக்கலாம். அதைவிட அவசரமானது, அக்காலத்தில் பேசிய கலைஞர்கள் நலமாக இருக்கும்போதே அவர்களைத் தேடிச் சென்று, யார் எதற்குப் பேசினார் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்வது. சென்னை காளஹஸ்தியிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம்தான்.

காளஹஸ்தியின் பெயரில் சிலந்தியும் பாம்பும் யானையும் உள்ளன. ஸ்ரீ, காளம், ஹஸ்தி என்று தலபுராணம் பிரித்துக் காட்டும் மூன்று பக்தர்கள். அவை ஒன்றும் பேசவில்லை. அவற்றுக்காகப் பேசியவர்கள் கதைசொல்லிகள். அவர்கள் பெயர்கள் இன்று யாருக்கும் தெரியாது. பழங்காலத்துக்கு அது பொறுக்கத்தக்கது. ஒலிப்பதிவுக் கூடமும் சம்பளப் பட்டியலும் இருந்த 2007க்கு அப்படிப் பொறுத்துக்கொள்ளக் காரணம் ஏதுமில்லை.