வெளுத்த தேக்கு

சோழவந்தான் என்றால் வெற்றிலைக் கொடிக்காலும் தென்னந்தோப்பும் ஜெனகை மாரியம்மன் திருவிழாவும் எல்லார் நினைவுக்கும் வரும். இவ்வூர்ப் பெண் படகைப் பற்றி எழுத வந்தால் தோழியர் சிரிக்கக்கூடும். எங்கள் வைகையில் படகு விட வேண்டுமானால் முதலில் தண்ணீர் வர வேண்டும்! ஆயினும் என் தாய்மாமா வளைகுடா நாடொன்றில் ஒரு செல்வந்தரின் உல்லாசப் படகில் பணிபுரிகிறார். அப்படகின் மேல்தளம் முழுவதும் தேக்குப் பலகை. அதைப் பேணுவதே அவருடைய முதல் வேலை. அவரிடம் கேட்டறிந்ததையும், சென்ற தை மாதம் எங்கள் அம்மாச்சி வீட்டு வாசற்கதவில் கண்ணாரக் கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

‘டீக்’ என்னும் ஆங்கிலச் சொல்லே நம் தேக்கிலிருந்து போனதுதான். மலையாளக் கரையில் அப்பெயரைக் கேட்ட போர்த்துக்கீசியர் ‘தெக்கா’ என்றனர். அது அப்படியே ஆங்கிலத்துக்குச் சென்றது. ஐரோப்பியர் தம் கப்பல்களை ஓக் மரத்தால் கட்டிவந்தனர். ஓக்கின் துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கில் இயல்பாகவே ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசை ஆணியையும் காக்கும், கறையானையும் அண்ட விடாது. நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் அருகியபோது பம்பாய்த் துறைமுகத்தின் பார்சிக் கப்பல் தச்சர்களுக்கு வேலை குவிந்தது. வாடியா குடும்பத்தைச் சேர்ந்த ஜம்சேட்ஜி பொமன்ஜி கட்டிய போர்க்கப்பல் ஒன்று 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கப்பட்டது. அதன் பெயர் என்ன தெரியுமா? ‘டிரிங்கோமலி’, அதாவது நம் திருகோணமலை! அதற்காக முதலில் அனுப்பிய வரைபடங்கள், அவற்றை ஏற்றி வந்த கப்பல் 1812இல் அமெரிக்கரிடம் சிக்கியதால் வந்து சேரவேயில்லை. மறுபடியும் அனுப்ப வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் வேறு பெயருடன் 1986 வரை இளைஞர்களின் பயிற்சிக் கப்பலாக இருந்து, பின்னர் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் 1990 முதல் 2001 வரை செப்பனிடப்பட்டு, இன்றும் அங்கே நீரில் மிதக்கிறது. இருநூறு ஆண்டுகளைக் கடந்த மரம்!

இத்தகைய மரமும் வெயிலில் வெளுக்கும். மரத்தின் நார்களை ஒட்டி வைத்திருக்கும் பொருளை வெயில் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மேலே சாம்பல் நிறம் படிகிறது. பார்ப்பவருக்கு மரம் செத்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அந்த வெளுப்பு மிக மெல்லிய மேற்பூச்சு போன்றதே. படகுத் தளத்தைக் கெடுப்பது வெயிலைவிட மனிதர் கைதான் என்பார் மாமா. இக்காலப் படகுகளில் பலகையின் கனம் ஒரு விரற்கடைகூட இராது. பளபளப்புக்காக ஆண்டுதோறும் இழைத்தால், திருகாணிகளை மூடியிருக்கும் மரத்தக்கைகள் மெலிந்து கழன்றுவிடும். தளம் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். ஆகவே கடல்நீரால் கழுவுவர். உப்பு பூஞ்சையை அண்ட விடாது. தேய்ப்பதாயின் மென்மையான தூரிகையால், ரேகைக்குக் குறுக்காகத் தேய்ப்பர். ரேகையோடு தேய்த்தால் மெதுவான பகுதி பெயர்ந்து, கடினமான பகுதி வரிவரியாகத் துருத்தி நிற்கும்.

அம்மாச்சி வீட்டுக் கதவை ரங்கூன் தேக்கு என்பார்கள். நிலையின் மேற்கட்டையில் இரண்டு அன்னங்களும் தாமரைக் கொடியும் உண்டு. தெருப்பக்கத் தாழ்வாரத்து ஓடுகள் சரிந்தபின் வெயிலும் சாரலும் நேரே அடித்து, கதவு பழைய சாம்பல் போல ஆகிவிட்டது. சித்தி மகள் திருமணம் நெருங்கியது. வண்ணம் பூச வந்தவர், இயந்திரத்தால் சுரண்டிவிட்டுப் பழுப்பு எனாமல் அடித்தால் ஒரே நாளில் புதுக்கதவு என்றார். அன்னங்களின் மூக்கு ஏற்கெனவே மழுங்கியிருந்தது. இயந்திரம் ஏறினால் அன்னம் எது, கொடி எது என்றே தெரியாது.

“அம்மா, கதவைத் தொட விடாதீங்க. முதல்ல தாழ்வாரத்தைக் கட்டுவோம்” என்றார் மாமா.

“வெளுத்த கதவை வச்சுக்கிட்டு கல்யாண வீடுன்னு சொன்னா ஊரு சிரிக்காதாய்யா?” என்றார் அம்மாச்சி.

மாமா பேனாக்கத்தியை எடுத்துக் கதவின் அடி ஓரத்தில் நகக்கனம் சீவிக் காட்டினார். உள்ளே பொன்னிறம், தோலும் எண்ணெயும் கலந்தாற்போல் ஒரு வாசனை. அம்மாச்சி அதை முகர்ந்து பார்த்தார். வண்ணத்துக்கு ஒதுக்கிய பணம் ஓட்டுக்கும் சட்டத்துக்கும் போயிற்று. போதாததற்கு அம்மாச்சியின் சீட்டுப் பணமும் சேர்ந்தது.

கதவு வேலை எங்கள் பொறுப்பு. சோழவந்தானில் கடல்நீருக்கு எங்கே போவது? அம்மாச்சி பூந்திக்கொட்டையை ஊற வைத்துக் கொடுத்தார், மாமாவும் மறுக்கவில்லை. குறுக்காகத் தேய்த்து, நல்ல நீரால் அலசி, இரண்டு நாள் நிழலில் உலரவிட்டோம். கரும்புள்ளிகள் இருந்த இடங்களில் மட்டும் மாமா கையுறை அணிந்து ஆக்சாலிக் அமிலத்தை நீர்க்கக் கரைத்துத் தடவிக் கழுவினார். எங்களை அருகே விடவில்லை. நார் சிலிர்த்த இடங்களில் நைசான உப்புத்தாளை ரேகையோடு ஒரே ஒருமுறை ஓட்டினோம். சிற்பத்தின்மேல் தூரிகையைத் தவிர வேறொன்றும் படவில்லை. என் தம்பிக்கு இதெல்லாம் ஆமை வேலையாகத் தோன்றியது. முதல் நாளே ஓடிவிட்டான்.

எண்ணெய் பற்றி மீண்டும் ஒரு வழக்கு எழுந்தது. ஆளிவிதை எண்ணெய் பூசினால் சில மாதங்களில் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். கடையில் விற்கும் தேக்கு எண்ணெயும் வெளியில் சில வாரங்களே தாங்கும் என்றார் மாமா. முடிவில் கதவின் உட்புறத்துக்கு மட்டும் மெல்லிய துணியால் தேக்கு எண்ணெய் தடவித் துடைத்தெடுத்தோம். தெருப்பக்கம் வெறும் மரமாகவே நின்றது. தேன் நிறத்தில் அன்னங்கள் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. திருமணத்தன்று வாழைமரம் கட்ட வந்தவர் கதவில் ஆணி அடிக்கப் பார்த்தபோது, அம்மாச்சி போட்ட சத்தத்தில் நாதசுரமே ஒரு கணம் நின்றுவிட்டது.

ஐப்பசி மழையில் புதுத் தாழ்வாரத்தையும் மீறிச் சாரல் படும் அடிப்பலகை மறுபடி லேசாக வெளுத்திருக்கிறது. அம்மாச்சி தொலைபேசியில் மாமாவிடம் கேட்டார். மழை முடியும்வரை தொட வேண்டாம், பிறகு பூந்திக்கொட்டை நீரே போதும் என்றாராம். கொட்டைகள் இப்போதே முறத்தில் காய்கின்றன.