பின்வரிசையில் ஒரு மூத்தவர்

இலக்கியமும் வரலாறும் பேசப்படும் ஒரு சங்க மலரில் உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் என்னைப் பல காலமாக அலைக்கழித்துவரும் வினா ஒன்று அவ்விளையாட்டின் வழியாகவே முதன்முதலில் என் எதிரே வந்து நின்றது. பல்லாண்டுகள் ஓர் அணியின் பின்வரிசையைக் காத்துநின்ற ஒருவர் கால் தளர்ந்து, முன்னைப்போல ஆட இயலாத நிலையை எய்தும்போது, அவரை அணியில் வைத்திருத்தல் தகுமா? முன்வரிசை ஆட்டக்காரரைப் பற்றியும் இவ்வினா எழுவதுண்டு. ஆனால் அங்கே விடை எளிதிற் கிடைத்துவிடும். அவர் அடித்த கோல்களை எண்ணினாற் போதும். பின்வரிசையாளரின் தொழிலோ நிகழாது போனவற்றால் ஆனது. நிகழாது போனவற்றை எண்ணுவது எங்ஙனம்?

பந்து வருமுன்னரே இரண்டடி விலகி நின்று எதிரணியினரின் வழியை அடைத்துவிடும் ஒருவரைப் பார்வையாளர் கவனிப்பதில்லை. அவரே ஒருமுறை வழுக்கி விழுந்து அதனால் கோல் ஒன்று விழுந்துவிட்டால் மைதானம் முழுவதும் அதனைக் கண்டுகொள்ளும். ஆகவே முதுமையெய்திய பின்வரிசையாளரின் குறைகள் கண்ணுக்குப் புலனாவன. நிறைகள் ஊகித்து அறியவேண்டியன. தெரிவுக்குழுவினர் இவ்விரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுக்க வேண்டியுள்ளது.

இந்நிறுவையிற் பேரறிஞரும் பிழைபடுவர் என்பதற்கு யாப் ஸ்ராமின் கதை தக்க சான்று. ஒல்லாந்தரான ஸ்ராம் 1998இல் மன்செஸ்டர் யுனைற்றட் கழகத்திற் சேர்ந்து, மறு ஆண்டே அக்கழகம் மூன்று பெருங் கிண்ணங்களை வென்றபோது பின்வரிசையின் நடுத்தூணாக நின்றவர். பின்னர் குதிகால் நரம்பிற் காயமுற்று நெடுநாள் ஆடாதிருந்தார். 2001ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், இருபத்தொன்பது வயதில், அவரை ஏறத்தாழ 160 இலட்சம் பவுணுக்கு இத்தாலியின் லாற்சியோ கழகத்துக்கு விற்றுவிட்டார் முகாமையாளர் அலெக்ஸ் பேர்குசன். சில வாரங்களுக்கு முன் வெளிவந்த ஸ்ராமின் சுயசரிதையே காரணமெனப் பத்திரிகைகள் எழுதின. பேர்குசன் அதனை மறுத்தார். காயத்தின் பின் ஆட்டக்காரரிடம் பழைய வேகம் இல்லையென்பதும் நல்ல விலை கிடைத்ததென்பதுமே அவர் கூறிய காரணங்கள். ஸ்ராம் பந்தைப் பறிக்கும் தடவைகள் குறைந்துவிட்டன என்று காட்டிய புள்ளிவிபரமும் முடிவில் ஒரு பங்கு வகித்ததாகச் சொல்லப்படுவதுண்டு. அது மெய்யாயின், புள்ளிவிபரம் பிழையன்று. அதற்குக் கொண்ட பொருளே பிழையானது. இடமறிந்து நிற்பவர் பாய்ந்து பறிக்கவேண்டிய தேவை குறைந்துகொண்டே செல்லும். தளர்ச்சி எனக் கொள்ளப்பட்டது முதிர்ச்சியாக இருந்திருக்கலாம். ஸ்ராம் அதன் பின்னும் ஆறாண்டுகள் ஆடினார், 2005இல் ஏ.சி. மிலான் அணிக்காக ஐரோப்பிய இறுதியாட்டத்திலும் இறங்கினார். அவரை விற்றது தமது தவறென்று பேர்குசனே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். இதில் வேடிக்கை யாதெனில், ஸ்ராமின் இடத்துக்கு அவர் கொணர்ந்த லோரன் பிளாங் முப்பத்தைந்து வயதினர்!

அதே பருவத்தில் மன்செஸ்டரை மூன்றாமிடத்துக்குத் தள்ளி ஆர்சனல் சம்பியனாயிற்று. அவ்வணியின் முகாமையாளர் ஆர்சன் வெங்கர் 1996இல் இலண்டனுக்கு வந்தபோது அவர் முன் நின்ற பின்வரிசை முப்பதை அண்மித்தோரும் கடந்தோருமாகவே இருந்தது. அடம்ஸ், டிக்சன், வின்ரர்பேர்ண், போல்ட், கியோன் என்னும் ஐவரையும் கழித்துவிட்டுப் புதியோரை வாங்குவார் எனப் பலர் எதிர்பார்த்தனர். வெங்கரோ அவர்களின் உணவை மாற்றினார். தசைகளை இழுத்துத் தளர்த்தும் பயிற்சிகளைப் புகுத்தினார். 1998இல் லீக் பட்டமும் சங்கக் கிண்ணமும் சேர்ந்தே கிடைத்தன. ஆனால் இவ்வரலாற்றின் மறுபாதியையும் நாம் மறத்தலாகாது. முப்பதைத் தாண்டியோருக்கு ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் கொடுப்பதிற் பெரிதும் தயங்கியவர் அவர். 2002இல் இரட்டை வெற்றி மீண்டும் கிட்டியபோது அடம்சும் டிக்சனும் அணியில் இருந்தனர். எனினும் வாரந்தோறும் களமிறங்கும் பதினொருவரில் அவர்களுக்கு நிலையான இடம் இருக்கவில்லை. அணியில் வைத்திருத்தல் வேறு, பதினொருவரில் வைத்திருத்தல் வேறு. பெரும்பாலான வாக்குவாதங்கள் இவ்வேறுபாட்டைக் கருதாமையாலேயே நீள்கின்றன என்பது என் எண்ணம்.

தளர்ச்சி என்பது வெறும் கற்பனை என்று நான் வாதிட வரவில்லை. பின்வரிசையில் ஒருவர் வேகமிழந்தால் அக்குறை அவரோடு நின்றுவிடுவதில்லை. தமக்குப் பின்னால் பந்து போய்விடும் என்ற அச்சத்தால் அவர் நாலைந்து யார் பின்வாங்கி நிற்பார். ஒருவர் பின்னால் நின்றால் 'ஓவ்சைட்' கோடு அவரிடத்திலேயே விழும். ஆகவே மற்ற மூவரும் பின்வாங்க வேண்டிவரும். பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையே வெளி பிறக்கும். எதிரணியின் கெட்டிக்காரன் அவ்வெளியிற் பந்தை வாங்கித் திரும்புவான். கோல் விழுந்த பின் நாம் நடுவரிசையைத் திட்டுவோம். 1992இற் புகுத்தப்பட்ட விதியும் மூத்தோருக்கு இடராயிற்று. நெருக்கடியிற் கோல்காப்பாளரிடம் பந்தைத் திருப்பி உதைத்துவிட்டு, அவர் கையால் எடுக்கும்வரை மூச்சு வாங்கும் வசதி அதனோடு ஒழிந்தது.

எங்கள் ஊர்க் கழகத்தின் செயலாளராக நான் இருந்த காலத்தில் இவ்வினா எங்கள் தெரிவுக்குழுவுக்கு வந்தது. எங்களூரில் 'பக்' என்றே வழங்கப்படும் அவ்விடத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நின்றவர் ஒருவர். சங்கக்கடையில் வேலை, மாலையானாற் மைதானம். எதிரே வருபவனுக்கு நெஞ்சைக் காட்டாமல் உடலைச் சாய்த்து நின்று, அவனை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்கிச் செல்லும் வித்தையை எனக்குக் கற்றுத்தந்தவர் அவரே. அப்பருவத்தில் மூன்று ஆட்டங்களில் அவர் பக்கத்தாலேயே கோல் விழுந்தது. அவரிடத்தை எதிர்பார்த்துப் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் இரண்டு ஆண்டுகளாகக் கோட்டுக்கு வெளியே நின்றான்.

குழுவில் ஐவர் இருந்தோம். மைதானத்துக்கு நிலம் வாங்க அலைந்தவர் அவர், அவரை விலக்கினால் ஊர் என்ன சொல்லும் என்று ஒருவர் கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. ஆயினும் நன்றிக்கடனைப் பதினொருவரில் ஓர் இடமாகச் செலுத்தும்போது அக்கடனை அடைப்பவர் நாமல்லர்; கோட்டுக்கு வெளியே நிற்கும் இளைஞனும், மூத்தவரின் இடத்தையும் சேர்த்து ஓடும் ஏனையோருமே அதனை அடைக்கின்றனர். அவர்களை நாம் கேட்டதில்லை. இதனையே நான் கூறினேன். அவர் அணியுடன் வரவேண்டும், முன்னணியில் இருக்கும்போது இறுதி இருபது நிமிடங்களுக்கு அவரை இறக்கவேண்டும், தொடக்கத்தில் இளைஞனே ஆடவேண்டும் என்று முடிவாயிற்று. பெயர்ப்பட்டியலை வாசிகசாலைச் சுவரில் ஒட்டுவதே வழக்கம். அதற்கு முதல்நாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பின், "நீ வந்து சொன்னது நல்லது தம்பி. சுவரிலை பாத்திருந்தா மனம் விட்டுப்போயிருக்கும்" என்றார். சற்றுப் பொறுத்து, "பொடியனுக்கு இடது கால் இல்லை, அதைப் பழக்கவேணும்" என்றார். மறுவாரம் முதல் மாலைதோறும் அவனைச் சுவரோடு நிறுத்தி இடது காலால் உதைக்கச் செய்தார். இருமுறை இறுதி நிமிடங்களில் இறங்கினார். பந்தைத் தொட்டது கொஞ்சம், கத்தியது அதிகம். எங்கள் பின்வரிசை அத்துணை ஒழுங்காக நின்றதை அப்பருவத்தில் வேறெந்த வேளையிலும் நான் காணவில்லை. ஆனால் இறுதியாட்டத்துக்கு அவர் வரவில்லை. கடையில் இருப்பெடுப்பு என்று சொல்லியனுப்பியிருந்தார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

பெருங் கழகங்களும் இத்தகைய விடைகொடுத்தலைச் செவ்வனே செய்தனவென்று கூறமுடியாது. மிலான் அணியின் பிராங்கோ பரேசி 1994 உலகக்கிண்ணத்தின்போது முழங்காற் சத்திரசிகிச்சைக்குள்ளாகி, மூன்றரை வாரங்களுள் மீண்டுவந்து, முப்பத்துநாலு வயதில் இறுதியாட்டத்திற் பிரேசிலைத் தடுத்துநின்றார். அவரை யார் போகச் சொல்வது? 1996இற் சம்பியனாயிருந்த மிலான் மறு பருவத்தில் பதினோராமிடத்துக்கு இறங்கிற்று. அவ்வீழ்ச்சிக்குப் பயிற்றுநர் மாற்றம் உட்படக் காரணங்கள் பல. ஒரு மூத்தவர் மேல் அதனைச் சுமத்துதல் அநீதியாகும். அப்பருவத்தோடு பரேசி ஓய்வு பெற்றார். அவரது 6ஆம் இலக்கச் சட்டையையும் கழகம் எவருக்கும் கொடாது வைத்துக்கொண்டது. அவருக்குப் பின் தலைவரான மால்டினி இடப்பின்வரிசையிலிருந்து நடுவுக்கு நகர்ந்து நாற்பது வயதுவரை ஆடினார். ஓரத்தில் ஓட இயலாதவர் நடுவில் நின்று ஓட்டத்தை அளந்து செலவிடலாம். மூத்தவரைக் காக்கும் வழிகளுள் இதனிலும் சிறந்தது ஒன்றை நான் அறியேன். அத்தகையவருக்கே, ஏறத்தாழ 900 ஆட்டங்களின் பின், 2009 மே 24இல் சொந்த மைதானத்தில் நடந்த விடைபெறும் ஆட்டத்தில் சொந்த ஆதரவாளருள் ஒரு பகுதியினர் பரேசியைப் போற்றும் பதாகையைத் தூக்கிச் சீழ்க்கையடித்தனர். ஒரு வாரத்தின் பின் புளோரன்சு நகரில் எதிரணியின் ஆதரவாளர்கள் எழுந்து கைதட்டினர். நன்றியை எதிர்பார்த்து ஆடுபவர் இவ்விரு நாள்களையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளல் நன்று.

தெரிவுக்குழு, முகாமையாளர், ஆதரவாளர் எனப் பலரையும் பேசிய நான் ஆட்டக்காரரைப் பேசவில்லை. மன்செஸ்டர் யுனைற்றட்டின் வலப்பின்வரிசையாளரான கரி நெவில் காயங்களால் அலைப்புண்டு முப்பத்தைந்து வயதை அடைந்திருந்தார். 2011 ஜனவரி 1ஆந் திகதி வெஸ்ற் புறொம்விச் அணிக்கெதிராக அவர் இறக்கப்பட்டார். எதிரணியின் ஓரத்து ஆட்டக்காரர்கள் அவரைக் கடந்து சென்றுகொண்டேயிருந்தனர். மத்தியஸ்தர் சற்றுக் கடுமையானவராயின் அவர் மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டிருப்பார். இரண்டாம் பாதியில் அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். மன்செஸ்டர் 2-1 என வென்றது, புள்ளிகள் இழக்கப்படவில்லை, அவரை அணியிலிருந்து நீக்குமாறு எவரும் கேட்கவுமில்லை. அது அவரது 602ஆவது ஆட்டம். பெப்ரவரி 2இல், பருவம் முடிய மூன்று மாதங்களுக்கு மேல் எஞ்சியிருக்க, இனி ஆடப்போவதில்லையென அவரே அறிவித்தார். அவ்வாண்டு லீக் பட்டம் அவரது கழகத்துக்கே கிடைத்தது.